குழந்தைகளின் விமானப் பயணம்: குடும்பத்துடன் சென்றாலும் தனியாகச் சென்றாலும் பெற்றோர் அறிய வேண்டிய விதிகள்

புதுடெல்லி: பெற்றோருடன் விமானத்தில் செல்லும் 12 வயது வரையிலான குழந்தைக்கு, பெற்றோர் அல்லது பாதுகாவலர்களில் ஒருவரின் அருகிலேயே இருக்கை ஒதுக்க வேண்டும் என சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டுள்ளது. ஆனால், அனைவரின் பயணச்சீட்டும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருந்தால் மட்டுமே இந்தப் பாதுகாப்பு கிடைக்கும். முதலில் பெற்றோருக்கும், சில நாள்கள் கழித்துக் குழந்தைக்கும் எனத் தனித்தனியாக முன்பதிவு செய்யும் குடும்பங்கள், இந்த உரிமையைத் தம்மை அறியாமலேயே இழந்துவிடுகின்றன.

குழந்தை தனியாகப் பயணம் செய்யும்போது நிலைமை வேறு. எந்த வயதில் தனியாக அனுப்பலாம், எவ்வளவு கட்டணம், எந்தப் படிவம் என்பவற்றை அந்தந்த விமான நிறுவனமே முடிவு செய்கிறது. இந்தியச் சட்டங்களின்படி 18 வயது நிறைவடையாதவர் சிறார் ஆவார். விமானப் பயணச்சீட்டிலோ 12 வயது நிறைவடைந்தவுடன் அவர் பெரியவராகக் கருதப்படுகிறார். இந்த இரு வயதுக் கணக்குகளுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொண்டால், விமான நிலையத்தில் ஏற்படும் பல சிக்கல்களைத் தவிர்க்கலாம்.

வயதுவாரியான பிரிவுகள்

இந்திய விமான நிறுவனங்கள் சிறார்களைப் பொதுவாகப் பின்வருமாறு வகைப்படுத்துகின்றன.

• 2 வயது நிறைவடையாதவர்: கைக்குழந்தை. தனி இருக்கை கிடையாது. பெரியவரின் மடியில் அமர்ந்து பயணிக்க வேண்டும்.

• 2 வயது முதல் 12 வயது நிறைவடையும் வரை: குழந்தை. தனி இருக்கை கட்டாயம்.

• 5 வயது முதல் 12 வயது நிறைவடையும் வரை: விமான நிறுவனத்தின் துணைச் சேவையைப் பெற்றுத் தனியாகப் பயணிக்கலாம்.

• 12 வயது நிறைவடைந்தவர்: பயணச்சீட்டைப் பொறுத்தவரை பெரியவர். தனியாகப் பயணிக்கலாம். பெற்றோர் விரும்பினால் துணைச் சேவையைக் கேட்டுப் பெறும் வசதியைச் சில நிறுவனங்கள் வழங்குகின்றன.

வயது, முன்பதிவு செய்த நாளில் அல்ல, பயணம் செய்யும் நாளில் கணக்கிடப்படுகிறது. செல்லும்போது ஒரு வயது 11 மாதங்கள் நிறைந்திருந்த குழந்தை, சுற்றுலாவுக்கு இடையே இரண்டாவது பிறந்த நாளைக் கொண்டாடினால், திரும்பும் பயணத்துக்குத் தனி இருக்கைக்கான பயணச்சீட்டை வாங்கியிருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் செக்-இன் கவுன்டரில் அன்றைய கட்டணத்தைச் செலுத்தும் நிலைக்குத் தள்ளப்படலாம். விமானத்தில் இடம் இல்லையெனில் பயணமே தடைபடக்கூடும்.

ரயில் பயணத்துக்குப் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். ரயிலில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை, தனிப் படுக்கை கேட்காதவரை இலவசமாகப் பயணிக்கலாம். 5 வயது முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்ற முறை 2016 ஏப்ரல் 21 முதல் நடைமுறையில் உள்ளது. விமானத்திலோ பிறந்து சில நாள்களே ஆன குழந்தையின் பெயரும் முன்பதிவில் இடம்பெற வேண்டும். இருக்கை இல்லாவிட்டாலும் கைக்குழந்தைக்கென ஒரு கட்டணம் உண்டு. இரண்டு வயதைக் கடந்த குழந்தைக்கு உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் பெரியவருக்கு உரிய கட்டணமே வசூலிக்கப்படுகிறது.

கைக்குழந்தையுடன் செல்வோர் கவனத்துக்கு

பிறந்த எத்தனையாவது நாளிலிருந்து குழந்தையை ஏற்றுவது என்பதில் நிறுவனங்களுக்கு இடையே ஒருமித்த நிலை இல்லை. மூன்று நாள் நிறைவடைந்தால் போதும் என்பவையும், ஏழு நாள் நிறைவடைய வேண்டும் என்பவையும் உள்ளன. விமானம் உயரே பறக்கும்போது, உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைப்பகுதியின் அழுத்தத்துக்கு இணையாக இருக்கும். பிறந்த சில நாள்களில் நுரையீரல் முழுமையாக விரிவடைந்திராத குழந்தைக்கு இது சிரமத்தைத் தரலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருப்பின், மருத்துவரின் ஆலோசனையும் சான்றிதழும் பெற்ற பின்னரே பயணத்தைத் திட்டமிடுவது நல்லது.

ஒரு பெரியவர் ஒரு கைக்குழந்தையை மட்டுமே மடியில் வைத்துக்கொள்ள முடியும். இரட்டைக் குழந்தைகளுடன் தாய் மட்டும் பயணிக்க நேர்ந்தால், முன்பதிவுக்கு முன்பே விமான நிறுவனத்தைத் தொடர்புகொண்டு விதிமுறையைக் கேட்டறிய வேண்டும். பெரும்பாலும் இரண்டாவது பெரியவர் ஒருவர் உடன் வர வேண்டியிருக்கும்.

கைக்குழந்தையுடன் வருவோர் விரும்பிய வரிசையில் எல்லாம் அமர இயலாது. அதற்குக் காரணம் ஆக்சிஜன் முகமூடிகளின் எண்ணிக்கை. உள்நாட்டுச் சேவையில் பரவலாகப் பயன்படுத்தப்படும் ஒற்றை நடைபாதை விமானங்களில், மூன்று இருக்கைகள் கொண்ட பகுதிக்குப் பொதுவாக நான்கு முகமூடிகள் இருக்கும். கூடுதலாக உள்ள அந்த ஒன்று கைக்குழந்தைக்கானது. எனவே, ஒரே பகுதியில் இரண்டு கைக்குழந்தைகளை அனுமதிக்க முடியாது. ஒரு விமானத்தில் ஏற்றக்கூடிய மொத்தக் கைக்குழந்தைகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு என்பதால், குழந்தையின் பெயரைக் கடைசி நேரத்தில் சேர்க்கலாம் எனக் காத்திருப்பது பாதுகாப்பான வழி அல்ல.

விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும், பணிப்பெண்கள் வழங்கும் சிறிய இணைப்புப் பட்டையைப் பெரியவரின் இருக்கைப் பட்டையுடன் கோத்துக் குழந்தையின் இடுப்பில் கட்ட வேண்டும். பெரியவரின் பட்டைக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டக் கூடாது; திடீர் அதிர்வின்போது பெரியவரின் உடல் எடை முழுவதும் குழந்தையின் மீது அழுத்தும் ஆபத்து உள்ளது. தரையிறங்கும் நேரத்தில் காதுவலியால் குழந்தைகள் அழுவது இயல்பு. அப்போது பால் புகட்டினாலோ சிறிது நீர் அருந்தச் செய்தாலோ, விழுங்கும் அசைவால் காதின் உள்ளழுத்தம் சீராகும்.

பயணத்தின்போது குழந்தைக்குத் தேவைப்படும் பால், உணவு, மருந்து ஆகியவற்றுக்குப் பாதுகாப்புச் சோதனையில் விலக்கு அளிக்கப்படுகிறது. சோதனையாளர் கேட்கும் முன்பே அவற்றைத் தனியாக எடுத்துக் காட்டினால் நேரம் மிச்சமாகும். மடக்கக்கூடிய குழந்தைத் தள்ளுவண்டியைப் பெரும்பாலான நிறுவனங்கள் கட்டணமின்றி ஏற்கின்றன.

அருகருகே இருக்கை: உத்தரவு கூறுவது என்ன?

இருக்கையைத் தேர்வு செய்யத் தனிக் கட்டணம் வசூலிக்கும் முறை பரவலான பின்னர், கட்டணம் செலுத்தாத குடும்பங்களுக்கு வெவ்வேறு வரிசைகளில் இடம் ஒதுக்கப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. சிறு குழந்தை ஒரு வரிசையிலும் பெற்றோர் பல வரிசைகளுக்கு அப்பாலும் அமர நேர்ந்த நிகழ்வுகளும் அவற்றில் அடங்கும். இதன் தொடர்ச்சியாக, 2024 ஏப்ரலில் டிஜிசிஏ விமான நிறுவனங்களுக்கு உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது.

ஒரே பிஎன்ஆர் எண்ணில் பயணிக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலர்களில் குறைந்தபட்சம் ஒருவருடன், 12 வயது வரையிலான குழந்தைக்கு இருக்கை ஒதுக்கப்படுவதை உறுதிசெய்ய வேண்டும் என்றும், அதற்கான பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவில் தெரிவிக்கப்பட்டது. விருப்ப இருக்கை, உணவு, இசைக்கருவிகள் எடுத்துச் செல்லுதல் போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் வசூலிப்பது குறித்த சுற்றறிக்கையும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. இத்தகைய சேவைகள் பயணி தாமே விரும்பித் தேர்வு செய்பவையாக இருக்க வேண்டும், கட்டாயமாக்கப்படக் கூடாது.

இந்த உத்தரவில் மூன்று அம்சங்கள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, பிஎன்ஆர் எண். தாத்தா, பாட்டி, அத்தை என யாருடன் குழந்தை அமர வேண்டுமோ, அவரும் குழந்தையும் ஒரே முன்பதிவில் இருக்க வேண்டும். தனித்தனி முன்பதிவுகளாக இருப்பின் விமான நிறுவனத்தைத் தொடர்புகொண்டு, அவற்றைத் தொடர்புபடுத்திக் குறிப்பிடுமாறு கோரலாம். அக்கோரிக்கையை ஏற்பது நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்ததே.

இரண்டாவது, 'குறைந்தபட்சம் ஒருவர்' என்ற சொற்கள். நால்வர் கொண்ட குடும்பம் முழுவதும் ஒரே வரிசையில் அமர இந்த உத்தரவு வழிசெய்யவில்லை. குழந்தைக்கு அருகில் ஒருவர் இருப்பதை மட்டுமே இது உறுதிசெய்கிறது.

மூன்றாவது, விரும்பிய இருக்கையைக் கோரும் உரிமை இதில் இல்லை. முன்வரிசை, ஜன்னலோரம் ஆகியவை வேண்டுமெனில் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த வேண்டும். விமானத்தில் எஞ்சியுள்ள இடங்களுக்குள் அருகருகே இரண்டு இருக்கைகள் ஒதுக்கப்படும்.

பாதுகாப்பே முதன்மைக் காரணம்

குழந்தையின் அருகில் பெற்றோர் இருப்பது வசதிக்கான ஏற்பாடு மட்டும் அல்ல. சுமார் 35,000 அடி உயரத்தில் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் திடீரெனக் குறைந்தால், ஒருவர் தன்னிலை இழக்காமல் செயல்படக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 30 முதல் 60 வினாடிகளே. இதனால்தான், முதலில் தமக்கு முகமூடி அணிந்துகொண்டு பின்னர் குழந்தைக்கு அணிவிக்குமாறு ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் அறிவுறுத்தப்படுகிறது. பெற்றோர் பல வரிசைகள் தள்ளி இருந்தால் அந்த அறிவுரைக்குப் பொருளே இல்லை.

அவசர வெளியேற்றத்துக்கும் இது பொருந்தும். வெளியேறும் வழிகளில் பாதி அடைபட்டிருந்தாலும் 90 வினாடிகளுக்குள் அனைவரையும் வெளியேற்ற முடியும் என்பதை நிரூபித்த பின்னரே பெரிய பயணிகள் விமானங்களுக்குச் சான்று அளிக்கப்படுகிறது. அத்தகைய தருணத்தில், பின்வரிசையில் உள்ள குழந்தையைத் தேடி ஒரு தாய் எதிர்த்திசையில் நடந்தால், அது அவரை மட்டுமன்றி நடைபாதையில் உள்ள அனைவரையும் பாதிக்கும். அவசர வழியை ஒட்டிய வரிசையில் குழந்தைகளுக்கும் கைக்குழந்தையுடன் வருவோருக்கும் இடம் தரப்படாததும் இதே காரணத்தால்தான். அவ்வரிசையில் அமர்பவர் கதவைத் திறக்கும் வலிமையும், அறிவுறுத்தலைப் புரிந்து செயல்படும் திறனும் பெற்றிருக்க வேண்டும்.

தனியாகச் செல்லும் குழந்தை

பெற்றோர் ஒரு நகரிலும் தாத்தா, பாட்டி மற்றொரு நகரிலும் வசிக்கும் குடும்பங்களில், விடுமுறைக்குக் குழந்தையைத் தனியாக அனுப்பும் தேவை எழுகிறது. இதற்கென விமான நிறுவனங்கள் கட்டணத்துடன் கூடிய துணைச் சேவையை வழங்குகின்றன. 5 வயது நிறைவடையாத குழந்தையைத் தனியாக அனுப்ப எந்த வகையிலும் அனுமதி கிடையாது.

உடன்பிறந்தோர் விஷயத்தில் பலர் தவறிழைக்கின்றனர். 9 வயதுத் தம்பியை 14 வயது அக்காள் அழைத்துச் செல்வார் எனக் கருதி முன்பதிவு செய்வது வழக்கமாக உள்ளது. குழந்தைக்குத் துணையாக வருபவருக்கு உரிய குறைந்தபட்ச வயதை நிறுவனங்கள் 16 என்றோ 18 என்றோ நிர்ணயித்துள்ளன. ஆகவே 14 வயது அக்காள் பயணச்சீட்டில் பெரியவராக இருந்தாலும், தம்பிக்குத் துணையாக ஏற்கப்படமாட்டார். தம்பிக்குத் தனியாகப் பயணிக்கும் குழந்தைக்கான சேவையைப் பெற வேண்டியிருக்கும்.

நடைமுறை பொதுவாகப் பின்வருமாறு அமைகிறது.

முன்பதிவு: இச்சேவையை இணையதளத்தில் வழக்கமான முறையில் பதிவு செய்ய இயலாத நிறுவனங்கள் பல. வாடிக்கையாளர் சேவை மையம் அல்லது நிறுவனத்தின் அலுவலகம் வாயிலாக முன்கூட்டியே கோர வேண்டும். ஒரு விமானத்தில் இவ்வாறு ஏற்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கக்கூடும். இடையில் விமானம் மாற வேண்டிய பயணங்களுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை. நேரடி விமானத்தையே தேர்வு செய்ய வேண்டும்.

படிவம்: குழந்தையின் பெயர், வயது, புறப்படும் இடத்தில் ஒப்படைப்பவர், சேரும் இடத்தில் பெற்றுக்கொள்பவர் ஆகியோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெற்றோர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பெற்றுக்கொள்பவரின் பெயர், அவருடைய அடையாள அட்டையில் உள்ளபடியே படிவத்தில் இருப்பது மிக முக்கியம்.

புறப்பாடு: குழந்தையைக் கவுன்டரில் ஊழியரிடம் ஒப்படைத்த பின்னர், ஒப்படைத்தவர் விமானம் புறப்படும் வரை விமான நிலையத்திலேயே இருக்க வேண்டும். பயணச்சீட்டு இல்லாதவர்களை முனையத்துக்குள் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினர் அனுமதிப்பதில்லை. பார்வையாளர் நுழைவுச்சீட்டு வழங்கும் நிலையங்களில் அதைப் பெறலாம். மற்ற இடங்களில் விமான நிறுவன ஊழியர் எங்கு வந்து குழந்தையை அழைத்துச் செல்வார் என்பதை முன்பே கேட்டறிய வேண்டும்.

விமானத்தினுள்: குழந்தைக்குப் பணியாளர்களின் பார்வையில் படும் இடத்தில் இருக்கை ஒதுக்குவது வழக்கம். ஆயினும், பணியாளர் குழந்தையின் அருகிலேயே பயணம் முழுவதும் அமர்ந்திருக்கமாட்டார். மருந்து கொடுக்கும் பொறுப்பையும் நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதில்லை. தானாக உண்ணவும், கழிவறைக்குச் செல்லவும், உதவி கேட்கவும் தெரிந்த குழந்தைக்கே இச்சேவை பொருத்தமானது.

வருகை: பெற்றுக்கொள்பவர் அசல் அடையாள அட்டையுடன், விமானம் தரையிறங்கும் முன்பே வந்திருக்க வேண்டும். அடையாளம் சரிபார்க்கப்பட்டு, கையொப்பம் பெறப்பட்ட பின்னரே குழந்தை ஒப்படைக்கப்படும். படிவத்தில் பெயர் இல்லாத ஒருவர் நெருங்கிய உறவினராகவே இருந்தாலும் ஒப்படைக்கப்படாது. மாமா வருவதாக எழுதிவிட்டு, கடைசி நேரத்தில் சித்தப்பாவை அனுப்பினால், பெற்றோரைத் தொடர்புகொண்டு மாற்றத்தை உறுதிசெய்யும் வரை குழந்தை விமான நிலையத்திலேயே காத்திருக்க நேரிடும். யாரும் வராத நிலையில், பெற்றோரின் செலவில் குழந்தையைப் புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்ற நிபந்தனையும் சில நிறுவனங்களின் படிவங்களில் உள்ளது.

12 முதல் 18 வயது வரை: கவனம் தேவைப்படும் இடைவெளி

சிறார் நீதிச் சட்டம் 2015 உள்ளிட்ட சட்டங்கள் 18 வயது நிறைவடையாதவரைச் சிறாராக வரையறுக்கின்றன. ஆனால், 12 வயது நிறைவடைந்தவர் தனியாகப் பயணிக்கும்போது, பெற்றோர் தனியாகக் கேட்டுப் பெற்றாலன்றி விமான நிறுவனத்தின் துணைச் சேவை கிடைக்காது. அருகருகே இருக்கை வழங்கும் உத்தரவும் 12 வயதுடன் நின்றுவிடுகிறது. 13 வயதுச் சிறுமியின் இருக்கை பெற்றோரிடமிருந்து பல வரிசைகள் தள்ளி அமைந்தாலும் அது விதிமீறல் ஆகாது.

இந்த இடைவெளியின் விளைவு, விமானம் சரியான நேரத்தில் செல்லும்போது தெரிவதில்லை. மூடுபனியால் விமானம் வேறு நகருக்குத் திருப்பிவிடப்படும்போதும், இரவு விமானம் ரத்தாகும்போதும்தான் அது வெளிப்படுகிறது. துணைச் சேவையில் பதிவு செய்த 11 வயதுச் சிறுவனை ஊழியர் ஒருவர் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு பெற்றோரை அழைப்பார். சேவை பெறாத 13 வயதுச் சிறுவனோ மற்ற பயணிகளைப் போல வரிசையில் நின்று, மாற்று விமானத்தையும் தங்குமிடத்தையும் தானே கேட்டறிய வேண்டியிருக்கும். ஆகவே முதல் முறையாகத் தனியே செல்லும் 12 முதல் 15 வயதுடையவர்களுக்கு, வசதி இருப்பின் துணைச் சேவையைக் கேட்டுப் பெறுவது நல்லது. இயலாதெனில், பகல்நேர நேரடி விமானத்தைத் தேர்வு செய்து, சேரும் நகரில் உள்ள உறவினரின் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டும். கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துவிட்டால் அந்தத் தாளே உதவும். ஆதரவற்ற நிலையில் உள்ள சிறார் எங்கிருந்தும் 1098 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

அடையாள ஆவணங்கள்

சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் (பிசிஏஎஸ்) 2017இல் வெளியிட்ட அறிவுறுத்தலின்படி, உரிய அடையாள அட்டை வைத்திருக்கும் பெற்றோர் அல்லது பாதுகாவலருடன் வரும் குழந்தைகளுக்கு முனையத்துள் நுழையத் தனி அடையாள ஆவணம் தேவையில்லை. தனியாகப் பயணிக்கும் சிறார் கண்டிப்பாக ஓர் ஆவணத்தைக் காட்ட வேண்டும். கடவுச்சீட்டு, ஆதார் அட்டை, கைப்பேசி ஆதார், மாணவர் அடையாள அட்டை ஆகியவை ஏற்கப்படும் ஆவணங்களின் பட்டியலில் உள்ளன. பள்ளி அட்டையை மட்டும் நம்பாமல் ஆதாரையும் எடுத்துச் செல்வது சிறந்தது.

முனைய வாயிலில் ஆவணம் தேவையில்லை என்பதால் வயதுச் சான்றும் தேவையில்லை எனக் கருதக் கூடாது. கைக்குழந்தை இரண்டு வயதைக் கடக்கவில்லை என்பதற்கான சான்றை விமான நிறுவனம் செக்-இன் கவுன்டரில் கேட்கும். பிறப்புச் சான்றிதழ் அல்லது கடவுச்சீட்டு இல்லையெனில் முழுக் கட்டணம் கோரப்படலாம். இணையவழி செக்-இன் செய்திருந்தாலும் கவுன்டருக்குச் செல்ல வேண்டியிருக்கும் என்பதால் கூடுதல் நேரம் ஒதுக்குவது அவசியம்.

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள்

2022 மே மாதம் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறனாளிச் சிறுவன் ஒருவன் பதற்றத்தில் இருந்ததாகக் கூறி விமானத்தில் ஏற அனுமதி மறுக்கப்பட்டான். அவனுடைய பெற்றோரும் பயணத்தைக் கைவிட நேர்ந்தது. சக பயணிகள் குடும்பத்துக்கு ஆதரவாகப் பேசியும் பயனில்லை. விசாரணைக்குப் பின்னர், ஊழியர்கள் பரிவுடன் கையாண்டிருந்தால் சிறுவன் அமைதியடைந்திருப்பான் எனக் குறிப்பிட்ட டிஜிசிஏ, அந்நிறுவனத்துக்கு ரூ.5 லட்சம் அபராதம் விதித்தது.

அதைத் தொடர்ந்து 2022 ஜூலையில் விதிகள் திருத்தப்பட்டன. உடல்குறைபாட்டைக் காரணம் காட்டி எவருக்கும் பயணத்தை மறுக்கக் கூடாது. பயணத்தின்போது ஒருவரின் உடல்நிலை மோசமடையக்கூடும் என நிறுவனம் கருதினால், அவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். பயணிக்கத் தகுதியுள்ளவரா இல்லையா என்பதை மருத்துவரே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அதன் அடிப்படையிலேயே நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். ஆகவே, கவுன்டரில் தடை எழுந்தால், விமான நிலைய மருத்துவரின் பரிசோதனையைக் கோரும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

வெளிநாட்டுப் பயணம்

கைக்குழந்தை உட்பட ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு அவசியம். சிறாருக்கான கடவுச்சீட்டு 5 ஆண்டுகள் அல்லது 18 வயது நிறைவடையும் வரை, இவற்றில் எது முந்தையதோ அதுவரை செல்லும். 15 வயதைக் கடந்தவர்கள் 10 ஆண்டுகளுக்கான கடவுச்சீட்டைக் கோரலாம். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பின்னரும் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும் என 2025இல் விதி திருத்தப்பட்டது.

பெற்றோரில் ஒருவருடன் மட்டுமோ, தாத்தா, பாட்டியுடனோ குழந்தை சென்றால், உடன் வராத பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தை எடுத்துச் செல்வது நல்லது. கனடா போன்ற நாடுகள் இதனை வலியுறுத்துகின்றன. குடியேற்ற அதிகாரி கேட்கும்போது கடிதம் இல்லையெனில் விசாரணை நீளக்கூடும்.

தலைப்பெழுத்துடன் மட்டும் பெயர் எழுதும் வழக்கம் உள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருந்து, ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தந்தை பெயர் அல்லது குடும்பப் பெயர் கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கப்படும் எனப் பின்னர் விளக்கம் அளிக்கப்பட்டது. குழந்தைக்கு முதல் முறையாக விண்ணப்பிக்கும்போதே தலைப்பெழுத்தை விரித்து எழுதுவதும், பயணச்சீட்டில் அதே வரிசையில் பெயரைப் பதிவதும் பின்னாளைய அலைச்சலைத் தவிர்க்கும்.

தாமதம், ரத்து, புகார்

இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்தில் விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், உணவும் சிற்றுண்டியும் வழங்க வேண்டும் என டிஜிசிஏ விதி கூறுகிறது. இரண்டரை முதல் 5 மணி நேரம் வரையிலான பயணத்துக்கு இந்த வரம்பு 3 மணி நேரம் ஆகும். உரிய முன்னறிவிப்பின்றி விமானம் ரத்தானால், மாற்று விமானம் அல்லது கட்டணத் திருப்பத்துடன், பயண நேரத்தைப் பொறுத்து ரூ.5,000 முதல் ரூ.10,000 வரை உச்சவரம்பு கொண்ட இழப்பீடும் உண்டு. மோசமான வானிலை போன்ற, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு பொருந்தாது.

குழந்தைக்கு அருகில் இருக்கை மறுக்கப்பட்டால், முதலில் கவுன்டரில் பிஎன்ஆர் எண்ணைக் காட்டி மாற்றித் தருமாறு கோர வேண்டும். பயணிகள் ஏறிய பின்னர் இடம் மாற்றுவது கடினம் என்பதால், செக்-இன் தொடங்கியதும் செல்வது நல்லது. தீர்வு கிடைக்காவிடில், போர்டிங் பாஸ்களைப் பாதுகாத்து வைத்து, விமான நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கலாம். அதன் பின்னர், சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2016இல் தொடங்கிய 'ஏர்சேவா' இணையதளம் அல்லது செயலியில் முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வாயிலாகவும், நுகர்வோர் ஆணையத்திலும் தீர்வு தேடலாம்.

முன்பதிவுக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

• குழந்தையும் அருகில் அமர வேண்டிய பெரியவரும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் உள்ளனரா?

• திரும்பும் நாளில் குழந்தை 2 வயதையோ 12 வயதையோ கடந்துவிடுமா?

• துணையாக வருபவர் அந்நிறுவனம் நிர்ணயித்த வயதை எட்டியவரா?

• தனியாக அனுப்புவதாயின், பெற்றுக்கொள்பவரின் பெயர் அவரது அடையாள அட்டையுடன் பொருந்துகிறதா? அவர் வர இயலாவிட்டால் மாற்று நபர் யார்?

• பிறப்புச் சான்றிதழ் அல்லது ஆதாரின் அசல் கைவசம் உள்ளதா?

கட்டணங்களையும் வயது வரம்புகளையும் விமான நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றியமைக்கின்றன. சென்ற ஆண்டு பயணித்த அனுபவத்தையோ உறவினர் கூறியதையோ மட்டும் நம்பாமல், பயணிக்கவிருக்கும் நிறுவனத்தின் தற்போதைய நிபந்தனைகளைப் படித்த பின்னரே முன்பதிவு செய்ய வேண்டும்.